காயடித்தலும் கருத்தடையும்: சிவாஜிநகர்ப் பூனைகள் குறித்து

காளையின் இனப்பெருக்கத்தை நிறுத்துவதற்குத் தமிழில் 'காயடித்தல்' என்ற சொல் நெடுங்காலமாக உண்டு. பெண் விலங்குக்குச் செய்யும் அறுவையைக் குறிக்க அதற்கு இணையான சொல் வழக்கில் இல்லை. இன்று புழங்கும் 'கருத்தடை' மனிதர்க்கான குடும்பநலத் திட்டத்திடம் வாங்கிய இரவல். காரணம் எளிது: உழவனுக்கு வேண்டியது அடங்கிய எருது, பசுவின் கருவைத் தடுக்க அவன் ஒருநாளும் விரும்பியதில்லை. பூனை விஷயத்தில் இந்தப் பழைய பொருளியல் செல்லாது. ஆயினும் கையில் சிறு தொகை இருக்கும் குடும்பங்கள் பலவும் முதலில் ஆண்பூனையைத்தான் மருத்துவரிடம் கொண்டுசெல்கின்றன. அறுவை சிறியது, கட்டணம் குறைவு, மறுநாளே பூனை ஓடியாடும். செலவு குறைவுதான், பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் பயனும் ஏறக்குறைய இல்லை.

பெங்களூரு சிவாஜிநகரில் இது கண்கூடு. 1927-இல் எழுந்த ரசல் மார்க்கெட்டையும் அதைச் சுற்றிய மீன், இறைச்சிக் கடைகளையும் நம்பிப் பூனைகள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தமிழில் பூனை, கன்னடத்தில் பெக்கு, உருதுவில் பில்லி என்று ஒரே உயிர் ஒரே சந்தில் மூன்று பெயர்களால் அழைக்கப்பட்டு மூன்று வாசல்களில் உண்கிறது. சோறு வைப்போர் பலர். 'உரிமையாளர்' என்று படிவத்தில் கையெழுத்திட ஒருவருமில்லை. இத்தகைய இடத்தில் ஐந்து ஆண்பூனைகளுக்கு அறுவை செய்தாலும் ஆறாவது ஒன்று அடுத்த தெருவிலிருந்து வந்துவிடும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே தந்தையர் வேறுவேறாக இருக்கக்கூடும். ஆணுக்குச் செய்யும் அறுவையால் சண்டையும் சிறுநீர் தெளிக்கும் வழக்கமும் குறையும். அது வீட்டாருக்கு நிம்மதி. தெருவின் கணக்கில் மாற்றமில்லை.

பெண்குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்பருவம் எய்தக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள். பகலின் நீளம் பெரிதாக மாறாத தென்னிந்தியாவில் இனப்பெருக்கத்துக்கு ஓய்வுப் பருவமும் இல்லை. பாலூட்டிக்கொண்டிருக்கும் தாயே மறுபடி சினையாகலாம். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று அடக்கமாகவே கொண்டாலும் எட்டுக் குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் முக்கூட்டு ஊசி மூன்று, வெறிநோய் ஊசி ஒன்று என்றால் 32 ஊசிகள். இவற்றுக்கான செலவையெல்லாம் ஒரு தாய்க்குச் செய்யும் ஓர் அறுவை இல்லாமலாக்கிவிடும். ஆகவே பணம் ஒன்றுக்கே போதுமெனில், அது ஐந்து மாதம் நிறைவதற்குள் பெண்குட்டியின் அறுவைக்கே போகவேண்டும். ஆணுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தடுப்பூசியிலும் வரிசை உண்டு. நூல் சொல்லும் அட்டவணை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம்வரை முக்கூட்டு ஊசியைத் தொடரச் சொல்கிறது. அதைக் குறைகூற ஏதுமில்லை. அவ்வூசி தடுக்கும் நோய்களில் ஒன்றான பான்லூக்கோபீனியா குட்டிகளைச் சில நாள்களில் கொன்றுவிடும்; அதன் கிருமி வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஒரு குட்டியை அந்நோய்க்குப் பறிகொடுத்த வீட்டில் ஊசி போடாத இன்னொரு குட்டியை உடனே வளர்ப்பது அறியாமல் செய்யும் கொடுமை. ஆனால் முழு அட்டவணைக்கும் வழியில்லாதவரிடம் அதை மட்டுமே நீட்டினால் அவர் எதையும் போடாமல் திரும்பிப் போய்விடுகிறார். அவருக்குச் சொல்லவேண்டியது இதுதான்: வெறிநோய் ஊசி மிகவும் மலிவு, மூன்று மாதம் நிறைந்ததும் போடலாம், அறுவை நாளன்றே அதையும் முடித்துவிடலாம். பத்து உயிர்களுக்குப் போதுமான குப்பியாகவும் அது கிடைக்கிறது. ஒரு சந்தின் பூனைகளை ஒரே நாளில் சேர்த்தால் செலவு இன்னும் பங்கிடப்படும். பிறகு மிஞ்சும் பணத்தில் முக்கூட்டு ஊசி, அதுவும் வயதில் இளையதற்கு முதலில்.

பூனை கடித்த மனிதருக்கு அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். தோலுக்குள் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆம் நாள்கள் என நான்கு முறை வரவேண்டும். கூலித் தொழிலாளிக்கு அது நான்கு நாள் வேலை இழப்பு. கடித்த பின் இவ்வளவு செலவிடும் அரசு, கடிக்கும் முன் பூனைக்குப் போடவேண்டிய ஒற்றை ஊசியை யார் பொறுப்பிலும் வைக்கவில்லை. 2021-இல் வெளியான தேசியச் செயல்திட்டத்தின் பெயரிலேயே 'நாய்வழிப் பரவும் வெறிநோய்' என்ற வரையறை இருக்கிறது. நாய்களே முதன்மைக் காரணம் என்பதால் அது பிழையன்று. பெங்களூரு மாநகராட்சி 2023-இல் எண்ணியதும் தெருநாய்களை மட்டுமே, ஏறத்தாழ 2.79 லட்சம். எண்ணப்படாத உயிருக்கு நிதி ஒதுக்கீடு எங்கிருந்து வரும்? 2001-ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளின் தலைப்பில் இருந்த 'நாய்கள்' என்ற சொல் 2023 விதிகளின் தலைப்பில் இல்லை. தலைப்பில் நேர்ந்த மாற்றம் வார்டு அலுவலகம்வரை வந்துசேர வேண்டும். மும்பை மாநகராட்சி பூனைகளுக்கும் கருத்தடைத் திட்டம் தொடங்கிய முன்னுதாரணம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்த பெங்களூரில், சிவாஜிநகர் அடங்கிய மத்திய மாநகராட்சி மார்க்கெட் பகுதியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

கருவைத் தடுப்பது பாவம் என்ற தயக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. அதை ஏளனம் செய்வது மேட்டிமைத்தனம். சாக்கடையோரம் கண் திறக்காமலே மடியும் குட்டிகளை அன்றாடம் காண்பவர்களும் அவர்கள்தாம். பேச்சை அங்கிருந்து தொடங்கினால் அவர்கள் காதுகொடுப்பார்கள். உண்மையான இடையூறு வேறு. குயின்ஸ் சாலை அரசு கால்நடை மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. ஹெப்பாளக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பேருந்து உண்டு. ஆனால் பூனையை வைத்துக் கொண்டுபோகக் கூண்டு இல்லை, அரைநாள் வேலையை விட முடியாது, தையல் ஆறும்வரை பத்து நாள் பூட்டிவைக்க ஒற்றை அறை வீட்டில் இடமில்லை. தெருவுக்கு இரண்டு கூண்டுகள், காலியான ஒரு கடையறை, அறுவை முடிந்ததன் அடையாளமாக இடக்காது நுனியில் ஒரு சிறு வெட்டு: இவை மருந்தைவிட மலிவானவை. காது வெட்டு இல்லையென்றால், மூன்று பெயர் கொண்ட அதே பூனையை மூன்று வீட்டாரும் தனித்தனியே அறுவை மேசைக்குத் தூக்கிச்செல்வார்கள்.