முகாமுக்கு வராத குழந்தைகள்

எட்டு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை என்பதை ஜவ்வாது மலையில் முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் பாட்டிதான். "பொறந்ததும் அழல, அதான் இப்படி" என்று காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார். பல நேரங்களில் அவர் கணிப்பு சரியாகவும் இருக்கும். பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை நம் நாட்டில் மூளை முடக்குவாதத்துக்கு முக்கியக் காரணங்கள். இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 3 பேருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாக ஆய்வுகள் கணிக்கின்றன. பாட்டி கண்டுகொண்ட நாளுக்கும், பயிற்சி பெற்ற ஒருவர் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கும் நாளுக்கும் இடையே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மூளை வேகமாக வளரும் காலமும் அதுதான்.

கண்டறிய அரசிடம் ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை பள்ளிக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். ஆனால், உட்கார முடியாத குழந்தையை யார் அங்கன்வாடிக்குத் தூக்கி வருவார்கள்? குழு வரும் நாளில் அந்தக் குழந்தை வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும். யாரைத் தேடிக் குழு வருகிறதோ அந்தக் குழந்தையே பதிவேட்டில் விடுபட்டுப்போகும்.

பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டாலும் அடுத்த கட்டம் மாவட்டத் தலைநகரில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையம். ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்க்காரர் போளூர் பக்கம் இறங்க வேண்டும், புதூர்நாட்டுக்காரர் திருப்பத்தூருக்கு. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்ததை நாடே பார்த்தது. பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியவில்லை. பாம்பு கடித்த குழந்தைக்கே இந்த நிலை என்றால், வாரம் ஒருமுறை இயன்முறை சிகிச்சைக்கு வரச் சொல்வது மலையில் உள்ள தாய்க்கு நிறைவேற்றவே முடியாத அறிவுரை. கூலி வேலைக்காகக் குடும்பத்தின் ஆண்கள் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ போயிருக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

எனவே மலை மக்களுக்குக் கிடைப்பது மாற்றுத்திறனாளிகள் முகாம். முகாமில் பாதிப்பின் சதவீதம் குறிக்கப்படும், அடையாள அட்டை கிடைக்கும். கடும் பாதிப்புள்ள குழந்தைக்கு மாதம் ரூ.2,000 பராமரிப்புத் தொகை வரும். இது மிகவும் தேவையான பணம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழந்தைகளை உண்மையில் எது கொல்கிறது என்று பார்க்க வேண்டும். மூளை முடக்குவாதம் நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போகும் நோயல்ல. சத்துக்குறைவும் நிமோனியாவும் கட்டுப்படாத வலிப்பும்தான் உயிரைப் பறிக்கின்றன.

சோறு ஊட்டுவதையே பாருங்கள். உடல் விறைத்துப் பின்னால் வளையும் குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, நீர்த்த கஞ்சியை வாயில் ஊற்றுகிறார் தாய். குழந்தை இருமுகிறது, கண்ணில் நீர் வருகிறது, கஞ்சியில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. ஒரு வேளை உணவுக்கு ஒரு மணி நேரமாகும். அப்போதும் வயிறு நிறையாது. அதே குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தலை பின்னால் சாயாமல் தாடை சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி தாங்கிக்கொண்டு, கெட்டியாகக் கிண்டிய சாமைக் கூழைச் சிறு கரண்டியால் கொடுத்தால் பல குழந்தைகள் இருமாமல் விழுங்கும். இதைத் தாய்க்குக் கற்றுக்கொடுக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அவர் வீட்டு அடுப்படியில், அவர் கிண்டும் கூழை வைத்தே காட்டித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளே அடுத்த வாரமும் வர வேண்டும்.

வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். மழையில் பாதை துண்டித்து இரண்டு நாள் மாத்திரை நின்றாலும் வலிப்பு திரும்பிவிடலாம். மாதாமாதம் கீழே இறங்கி வாங்கிவா என்பதைவிட, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவதுபோல வலிப்பு மாத்திரையும் வீட்டுக்கே வரட்டும்.

குழந்தையை உட்காரவைக்கவும் பெரிய கருவி தேவையில்லை. மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளுடன் சேர்ந்து பணியாற்றிய டேவிட் வெர்னர் 1987-இல் வெளியிட்ட கையேடு, உள்ளூர் மரத்தையும் கிடைத்த பொருள்களையும் கொண்டு குழந்தைக்கேற்ற இருக்கை செய்வதைப் படம் போட்டு விளக்கியது. சமதளத்துக்கென்று செய்த சக்கர நாற்காலி கல்லும் மேடுமான பாதையில் உருளாது. வீட்டின் மூலைச் சுவரில் இருபுறமும் சாக்குச் சுருள் வைத்து உட்காரவைத்தால், குழந்தை முதன்முறையாகக் கூரைக்குப் பதில் மனித முகங்களைப் பார்க்கும்.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்புகள் இன்னும் அதிகம். இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வின்படி, ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள மலைக் குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் பெயர் 'மந்தம்'. பிறகு அவன் ஆடு மேய்க்கப் போய்விடுகிறான். 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாதிப்புள்ள குழந்தைகளுக்குத் தந்த உரிமை. அந்த வீட்டுக்கு இதைச் சொன்னவர் யார்?

மாற்று வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்களை வல்லுநர்கள் செயலி வழியாக வழிநடத்துகிறார்கள். உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் உரிமைகள் திட்டமும் களப்பணியாளர்களையும் ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் கொண்டது. ஜவ்வாது மலையில் அந்தப் பணியாளர்கள் அங்கேயே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களாகவே இருக்க வேண்டும். பாதையும் பேச்சும் அவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்திலும் அவர்கள் மலையில்தான் இருப்பார்கள். குறைமாதத்தில் பிறந்த, பிறந்ததும் அழாத ஒவ்வொரு குழந்தையின் பட்டியலையும் ஆரம்ப சுகாதார நிலையம் அவர்களிடம் தர வேண்டும். மூன்று மாவட்ட ஆட்சியர்களும் மாவட்ட எல்லை பாராமல் மலை முழுவதற்கும் ஒரே பதிவேடு வைக்க உத்தரவிட வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை.