பயன் எப்போது தெரியும்?

"இந்த ஆய்வால் சமூகத்திற்கு என்ன பயன்?" ஆய்வு முன்மொழிவுகளில் தவறாது இடம்பெறும் கேள்வி இது. கெரட்டின் மரபணுவின் கதை, அக்கேள்வி கேட்கப்படும் காலத்தைப் பற்றிச் சிந்திக்க வைக்கிறது.

தோலுக்கு உறுதி தரும் இழைப்புரதம் கெரட்டின். 1982இல் சிகாகோவில் எலைன் ஃபியூக்ஸ் குழுவினர், மனித மேல்தோல் கெரட்டின் ஒன்றின் சி.டி.என்.ஏ.வை நகலெடுத்து அதன் வரிசையை வெளியிட்டனர். புரதத்தின் அமைப்பை அறிவதே அன்றைய நோக்கம். 1987இல், முனை வெட்டப்பட்ட கெரட்டின் வடிவங்களை வளர்ப்புச் செல்களில் வெளிப்படச் செய்தபோது, செல்லின் இழைவலை சிதைந்தது. அத்தகைய மரபணுவைச் சுண்டெலிகளில் புகுத்தியபோது அவற்றின் தோல் கொப்பளித்தது. லேசான உராய்விலேயே தோல் கொப்பளிக்கும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் என்னும் பரம்பரை நோயை அது ஒத்திருந்தது. அந்நோயாளிகளிடம் கெரட்டின்-14 மரபணுவின் பிறழ்வு கண்டறியப்பட்டது 1991இல்.

பொதுவாக நோயிலிருந்து மரபணுவைத் தேடுவர். இங்கு மரபணுவே நோயைக் காட்டிக்கொடுத்தது. இடையில் கழிந்தவை ஒன்பது ஆண்டுகள். 1982இன் முன்மொழிவில் இந்நோயின் பெயரை எவரும் உறுதியுடன் எழுதியிருக்க முடியாது.

பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வை நோக்கிப் பயனைக் கேட்பது நியாயமே. ஆனால் தொடக்கத்திலேயே விடை கோரினால், மாணவர்கள் கற்பனைப் பயன்களை எழுதக் கற்றுக்கொள்வர். "இப்போது தெரியாது" என்று நேர்மையாக எழுதும் விண்ணப்பம், அந்த நேர்மைக்காகவே நிராகரிக்கப்படலாகாது.