நோயும் ஓய்வும்: ஒரு மறுப்பு

புற்றுநோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளவிட்ட ஆய்வுகள் பலவற்றில் பெண்கள் ஆண்களிலும் குறைந்த புள்ளிகளையே பெறுகின்றனர். பெண்களின் மனமென்மையே இதற்குக் காரணம் எனக் கூறி அமைவாரும் உளர். இக்கூற்று ஏற்புடையதன்று.

இவ்வாய்வுகளிற் பெரிதும் கையாளப்படுவது, 1993 இல் வெளியான, 30 வினாக்களைக் கொண்ட ஐரோப்பிய வினாக்கொத்தாகும். ஓய்வுநேர ஈடுபாடுகளை நோய் தடுத்ததா என அது வினவுகின்றது. ஓய்வே அறியாதவள் 'இல்லை' என்றே விடை பகர்வாள். நோயுற்ற நாளில் உலை வைத்தவர் யார் என்று அது வினவுவதில்லை. எனவே, உண்மை வேறுபாடு அளந்ததினும் பெரிதாதல் கூடும்.

மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமுறையைக் காட்டி, "வீடே பெண்ணுக்கு உரியதாயின் அவளுக்கு என்ன குறை?" என்பர் சிலர். சீதன வீடு அவள் பெயரில் இருப்பது மெய்யே. தாயும் சகோதரியரும் அயலில் வாழ்வதும் மெய்யே. ஆயின், அவ்வீட்டின் அடுப்பும் அவள் பெயரிலேயே இருக்கின்றது.

இலங்கையில் ஆண்களிடை மிகுந்து காணப்படுவது வாய்ப்புற்றுநோய். பெண்களிடை மார்பகப் புற்றுநோய். வாய் புண்பட்ட கணவனுக்குக் கஞ்சி ஊட்ட மனைவி உளள். மருந்தேற்றிய களைப்புடன் வாவி கடந்து படுவான்கரைக்கு மீளும் மனைவிக்கு யார் உளர்? முதிய தாய், அன்றேல் பள்ளி செல்லும் மகள். சுமை ஒரு பெண்ணின் தலையினின்று இன்னொரு பெண்ணின் தலைக்கு மாறுகின்றதேயன்றி, ஆணின் தோளுக்கு வருவதில்லை.

அரசாங்க வைத்தியசாலை இருபாலார்க்கும் மருந்தை இலவசமாகவே வழங்குகின்றது. ஓய்வை வழங்க வேண்டியது வீடு. பெண்ணின் மனத்தை அளக்க முனையும் ஆய்வாளர், முதலில் அவள் வேலையை அளப்பாராக.