முற்றத்தில் ஓடும் டிப்பர்

உங்கள் மூன்று வயது மகன் சிரட்டையில் மண் அள்ளி, "டுர்ர்" என்று டிப்பர் ஓட்டுகிறானா? உடுப்பு அழுக்காகிறதே என்று ஏசாதீர்கள். ஒரு பொருளை இன்னொன்றாகப் பாவனை செய்து விளையாடுவது சிந்தனை வளர்ச்சியின் அடையாளம் என்று சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே 1945இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

முற்றத்தில் அவனே சாரதி. தெருவில் அப்படியல்ல. பின்னுக்கு வரும் டிப்பரின் பின்னால் நிற்கும் சிறு பிள்ளை சாரதியின் கண்ணில் படாது. இதைச் சொல்லிக்கொடுக்க அவனது விளையாட்டே நல்ல இடம். நீங்களும் பக்கத்தில் குந்துங்கள். ஒரு புளியங்கொட்டையைப் பிள்ளையாக வையுங்கள். "டிப்பர் பின்னுக்கு வருது, பிள்ளையை ஓரமாக்கு மகன்!" என்று சொல்லுங்கள். நாலு நாள் விளையாடினால் மனதில் பதியும்.

ஆனாலும், தெருவில் இறங்கினால் அவன் கையை விடாதீர்கள்.