கறுத்துவிட்டால் கழித்துவிடுவதா?

தீபாவளியோ அட்சய திருதியையோ நெருங்கினால் போதும். மும்பையில் உள்ள நம் குடும்பங்களில் பீரோ திறக்கப்படும். அம்மா போட்டிருந்த கொலுசும், பாட்டியின் குங்குமச் சிமிழும், குழந்தையின் அரைஞாணும் வெளியே வரும். "எல்லாம் கறுத்துப் போச்சு, பழசைப் போட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்று கடைக்குக் கிளம்பிவிடுவோம். 2025-இல் வெள்ளி விலை கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு இந்த ஆசை இன்னும் வலுத்திருக்கிறது. இதனால் நமக்கு நஷ்டமே தவிர லாபமில்லை என்பது என் கருத்து.

கறுப்பு என்பது வெள்ளி கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. காற்றில் கலந்துள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம் அது, அவ்வளவுதான். அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த வாயு சாக்கடைகளிலிருந்தும் கிளம்புகிறது. மும்பையின் ஈரக்காற்றும் நம் வியர்வையும் அதற்குத் துணை. நகை உறுதியாக இருக்க வெள்ளியில் செம்பு கலப்பார்கள். 925 முத்திரை என்றால் 100 பங்கில் 92.5 பங்கு வெள்ளி. கலப்பு கூடினால் கறுப்பும் சீக்கிரம் வரும். உண்மை இப்படியிருக்க, "உடம்புச் சூடு", "மருமகள் வந்த ராசி" என்றெல்லாம் பேசுவது வீண் பழி.

பழசைப் போடும்போது கடைக்காரர் எடையைப் பார்ப்பார், கலப்புக்கென்று கழிப்பார், மிச்சத்துக்கு விலை போடுவார். அதைச் செய்த கைக்கு அங்கே மதிப்பே கிடையாது. புதிதுக்கோ செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் நாம் கொடுக்க வேண்டும். சேலம் வட்டாரத்தில் கம்பி இழுத்து, வளையம் வளையமாகப் பற்றவைத்து, சலங்கை கோத்து, வீடு வீடாகக் கைமாறி உருவான கொலுசு உருக்குச் சட்டிக்குப் போகிறது. அதற்குப் பதிலாக வருவது பெரும்பாலும் அச்சில் வார்த்த நகை!

வீட்டு வாசலில் "பாலிஷ்" என்று கூவி வருபவர்களிடம் கொடுப்பது அதைவிட மோசம். அமிலத்தில் முக்கினால் கறுப்போடு வெள்ளியும் கரையும். நகை பளபளக்கும், எடை குறைந்திருக்கும். விபூதி, பல்பொடி, பற்பசை வைத்துத் தேய்த்தாலும் கீறல் விழும், பூ வேலை மழுங்கும்.

நம் ஆசாரிகள் கையாண்ட பூந்திக்கொட்டையே போதும். இங்கே மளிகைக் கடையில் "ரீட்டா" என்று கேளுங்கள். வெந்நீரில் ஊறவைத்து, நுரையில் நகையை நனைத்து, குழந்தைகளின் மெல்லிய பல் பிரஷ்ஷால் இதமாகத் துலக்கி, அலசி, ஈரம் போகத் துடைத்தால் லேசான கறுப்பு போய்விடும். அழுத்தமான கறுப்புக்கு, கண்ணாடிப் பாத்திரத்தில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை விரித்து, நகை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா தூவி, சூடான நீர் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். வெள்ளி நகையிலேயே தங்கும். ஆனால் கல் பதித்தவை, எனாமல் பூசியவை, உள்ளே அரக்கு நிரப்பியவை ஆகியவற்றுக்கு இந்த முறை ஆகாது. பூ வேலையின் பள்ளத்தில் ஆசாரி வேண்டுமென்றே விட்ட கறுப்பையும் தொடாதீர்கள். வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதே அதனால்தான்.

வருமுன் காப்பதும் எளிது. துடைத்து உலர்ந்த நகையை வெளுத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். கூடவே ஒரு சாக்பீஸ் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், கம்பளி மூன்றும் கூடாது. அவற்றிலும் கந்தகம் உண்டு. அடிக்கடி அணிந்து துடைத்து வைக்கும் நகை அவ்வளவாகக் கறுப்பதும் இல்லை.

ஊரைவிட்டு வந்த நம்மிடம் ஊரின் கைவேலை என்று மிஞ்சியிருப்பது சொற்பம். அடுத்த பண்டிகைக்குப் பழசைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் புறப்படும் முன், ஒரு பிடி பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பாருங்கள். கறுப்பு போன பிறகும் போடத்தான் வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யலாம்.