ஆக்சிஜன் முனையில் ஒரு முட்டுக்கட்டை

பிளாட்டினத்தைப் பல மடங்கு விஞ்சும் வினையூக்கி கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவியல் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். ஆனால் விற்பனையில் உள்ள ஹைட்ரஜன் கார்களுக்குள் இருப்பது இன்றும் பிளாட்டினமும் அதன் கலவைகளும்தான். அப்படியானால் செய்தி பொய்யா? பெரும்பாலும் இல்லை. ஆய்வகத்தில் அளந்தது உண்மையாகவே அளந்ததுதான். அங்கே எதை அளந்தார்கள், வண்டிக்கு எது வேண்டும் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் பெரிய இடைவெளி இருக்கிறது. பசுமை ஹைட்ரஜனுக்காகப் பொதுப் பணம் செலவாகும் காலத்தில், அந்த இடைவெளியை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வில்லியம் குரோவ் 1839இல் செய்து காட்டிய எரிபொருள் செல்லின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன் நுழைகிறது, மறுபக்கம் காற்றிலுள்ள ஆக்சிஜன். இன்றைய கார்களில் நடுவே புரோட்டானை மட்டும் கடத்தும் மெல்லிய சவ்வு இருக்கிறது. ஹைட்ரஜன் பிளந்து புரோட்டான் சவ்வு வழியாகவும், எலக்ட்ரான் கம்பி வழியாகவும் மறுபக்கம் போய்ச் சேருகின்றன. அங்கே ஆக்சிஜனோடு கலந்து நீராகின்றன. கணக்குப்படி ஒரு செல்லில் 1.23 வோல்ட் கிடைக்க வேண்டும். மோட்டாரை ஓட்டும்போது கிடைப்பதோ 0.6 முதல் 0.7 வோல்ட்தான். இழப்பின் பெரும்பகுதி ஆக்சிஜன் முனையில் நேர்கிறது. அதே பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் வினை லட்சக்கணக்கான மடங்கு வேகமாக நடக்கும். ஆக்சிஜன் வினை இழுத்துக்கொண்டே கிடக்கும்.

காரணம் ஆக்சிஜன் மூலக்கூறின் உறுதி. அதன் இரட்டைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 498 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நீராக மாற நான்கு எலக்ட்ரானும் நான்கு புரோட்டானும் வந்து சேர வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. இரண்டு எலக்ட்ரானோடு வினை பாதியில் நின்றுவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. மின்சாரம் பாதியாவது ஒருபுறமிருக்க, அந்தப் பெராக்சைடு சவ்வையே அரிக்கத் தொடங்கும்.

வினையூக்கி இந்த மூலக்கூற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் விட்டுவிடவும் வேண்டும். பயணி ஏற முடியாத பேருந்தும் பயன்படாது, ஏறியவர் இறங்க மறுக்கும் பேருந்தும் பயன்படாது. 1912இல் வேதியியல் நோபல் பெற்ற பால் சபாட்டியே வகுத்த விதி இதுதான். தங்கம் ஆக்சிஜனைச் சரியாகப் பிடிப்பதில்லை. பிளாட்டினம் சற்றே கூடுதலாகப் பிடிக்கிறது. யென்ஸ் நோர்ஸ்கோவின் குழு 2004இல் உலோகங்களை இப்படிக் கணக்கிட்டு ஒரு மலை வடிவ வரைபடமாக வரிசைப்படுத்தியது. பிளாட்டினம் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றது.

அந்தக் கணக்குகளிலிருந்து தெரியவந்த இன்னொரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வினையின் நடுவே தோன்றும் இரண்டு இடைப்பொருட்கள், ஒன்று ஹைட்ராக்சில், மற்றது அதனோடு இன்னொரு ஆக்சிஜன் சேர்ந்தது. இரண்டுமே ஓர் ஆக்சிஜன் அணு வழியாகத்தான் உலோகத்தில் ஒட்டுகின்றன. ஆகவே ஒன்றின் பிடியைத் தளர்த்தினால் மற்றதும் கூடவே தளர்கிறது. இரண்டின் ஆற்றலுக்கும் இடையே 2.46 எலக்ட்ரான் வோல்ட் இருந்தால் இழப்பே இராது. ஆனால் ஏறத்தாழ எல்லா உலோகப் பரப்பிலும் அது 3.2ஐ ஒட்டியே நிற்கிறது. எவ்வளவு நல்ல பரப்பானாலும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வோல்ட் வரை பறிபோவது இதனால்தான். உலோகத்தை மாற்றிக்கொண்டே போனால் என்றாவது இழப்பு பூஜ்யமாகும் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பிடிகளையும் எப்படிப் பிரிக்கப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பிளாட்டினத்தின் பிடியைக் கொஞ்சம் தளர்த்த வழி உண்டு. அதன் மேற்பரப்புக்கு அடியில் நிக்கல், கோபால்ட் போன்ற சிறிய அணுக்களை வைத்தால், மேலே உள்ள பிளாட்டின அணுக்கள் நெருங்கி அமர்கின்றன. அந்த நெருக்கத்தில் பிடி தளர்கிறது. மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் சேர்ந்த ஒற்றைப் படிகத்தின் ஒரு குறிப்பிட்ட முகம், அதேபோன்ற தூய பிளாட்டின முகத்தைவிடப் பத்து மடங்கும், வழக்கமான பிளாட்டினம்-கார்பன் வினையூக்கியைவிடத் தொண்ணூறு மடங்கும் வேகமானது என்று ஸ்டாமென்கோவிச், மார்க்கோவிச் குழு 2007இல் அறிவித்தது. துறையையே உலுக்கிய முடிவு அது. ஆனாலும் 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் பிளாட்டினம்-கோபால்ட் கலவையைத்தான் கொண்டிருந்தது. தொண்ணூறு மடங்கு எங்கே போயிற்று?

மெருகேற்றிய ஒற்றைப் படிகத்தைக் காருக்குள் வைக்க முடியாது. அங்கே தேவை சில நானோமீட்டர் அளவுத் துகள்கள். அந்த அளவில் விளிம்புகளும் மூலைகளும் பெருகி, வேகமான முகம் சுருங்கிவிடும். நிக்கல் அமிலத்தில் கரைந்து வெளியேறி, புரோட்டான்கள் இருக்க வேண்டிய இடத்தைச் சவ்வுக்குள் பிடித்துக்கொள்ளும். அளக்கும் முறையும் வேறு. ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வது, சுழலும் வட்டின் மேல் சில மைக்ரோகிராம் வினையூக்கியைப் பூசி, அமிலக் கரைசலில் அமிழ்த்தி, 0.9 வோல்ட்டில் மின்னோட்டத்தை அளப்பது. காரில் 80 டிகிரி வெப்பம். வினையூக்கித் துகளைப் புரோட்டான் கடத்தும் பாலிமர் மூடியிருக்கும், அதன் சல்ஃபோனேட் முனைகள் பிளாட்டினத்தையே பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் அந்தப் படலத்தைத் துளைத்து உள்ளே வர வேண்டும், உண்டான நீர் துளைகளை அடைக்காமல் வெளியே போக வேண்டும். வட்டில் ஜெயித்த வினையூக்கி இங்கே தோற்பது வழக்கமான நிகழ்ச்சி.

பிளாட்டினமே வேண்டாம் என்ற பாதைக்கும் நீண்ட வரலாறு உண்டு. நம் உடலின் செல்களில் ஆக்சிஜனை நீராக்கும் நொதியில் இரும்பும் தாமிரமும்தான் இருக்கின்றன. நான்கு நைட்ரஜன்கள் சூழ்ந்த உலோக அணுவைக் கொண்ட கோபால்ட் தாலோசயனின் இந்த வினையை நடத்தும் என்று 1964இல் ஜசின்ஸ்கி காட்டினார். கனடாவில் டோடலே குழு 2009இல் இரும்பு, நைட்ரஜன், கார்பன் மூன்றையும் கொண்டு பிளாட்டினத்தை நெருங்கும் வினையூக்கியை வெளியிட்டது. தொடக்க வேகம் அபாரம். ஆனால் இவ்வகை வினையூக்கிகள் ஓடத் தொடங்கியதுமே வேகமாகத் தேய்கின்றன. இரும்பு கசிகிறது, கசிந்த இரும்பு பெராக்சைடோடு சேர்ந்து உண்டாக்கும் தனி உறுப்புகள் கார்பனையும் சவ்வையும் தின்கின்றன. உடல் தன் நொதிகளை ஓயாமல் புதிதாகச் செய்துகொள்கிறது, எரிபொருள் செல்லுக்குள் அப்படிச் செய்ய யாரும் இல்லை.

இவ்வகைச் சோதனைகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. எதிர்முனையாகப் பிளாட்டினக் கம்பியை வைத்தால் அது சிறிது சிறிதாகக் கரைந்து, சோதிக்கப்படும் பரப்பில் படிந்து, பிளாட்டினமில்லா வினையூக்கிக்குப் பொய்யான பெருமை சேர்க்கும். கார்பன் எதிர்முனை வைத்தார்களா என்பதை ஆய்வுக் கட்டுரையில் தேடிப் பார்ப்பது நல்லது.

காரக் கரைசலில் கதை எளிது. காதுக்கருவியின் துத்தநாக-காற்று மின்கலத்தில் ஒட்டுத்தாளை உரித்ததும் காற்று புகுந்து இதே ஆக்சிஜன் வினைதான் நடக்கிறது, மலிவான மாங்கனீசு ஆக்சைடு அங்கே போதும். ஆனால் காரமுள்ள எரிபொருள் செல்லில் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கார்பனேட்டாகிச் சிக்கல் தருகிறது.

இப்போது ஹைட்ரஜனின் இலக்கு கார்களிலிருந்து கனரக லாரிகளுக்கு நகர்கிறது. அதற்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் அளவுகோல் 25,000 மணி நேர ஆயுள். இடைவிடாமல் ஓட்டினால் ஏறத்தாழ மூன்று ஆண்டு. அத்தனை நேரத்தில் நானோ துகள்கள் கரைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். நிறுத்தி மறுபடி கிளப்பும் ஒவ்வொரு முறையும் தாங்கும் கார்பன் அரிக்கப்படும். இந்த நிலையில் கொஞ்சம் கூடுதல் பிளாட்டினம் வைத்தாலும் பரவாயில்லை, நீடிக்கட்டும் என்பதே வடிவமைப்பாளர்களின் கணக்கு. அது சரியென்றே எனக்கும் படுகிறது. பிளாட்டினத்தைப் பழைய செல்லிலிருந்து மீட்டெடுக்கலாம். உலகப் பிளாட்டினத்தில் சுமார் 70 விழுக்காடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவதால், அந்த மீட்புத் தொழிலையும் வினையூக்கி ஆராய்ச்சியின் பகுதியாகவே கருத வேண்டும்.

இந்தியா 2023 ஜனவரியில் ஒப்புதல் தந்த தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் மதிப்பு 19,744 கோடி ரூபாய், அதில் ஆராய்ச்சிக்கு 400 கோடி. உள்நாட்டில் கட்டிய எரிபொருள் செல் படகு 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவிலிருந்து தொடங்கிவைக்கப்பட்டது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுபது ஆண்டுகளாக இத்துறையின் அறிவைச் சேர்த்து வைத்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் தன் வினையூக்கியைக் கொண்டுவந்து, ஒரே விதிமுறையில், உண்மையான செல்லில், மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் பொதுச் சோதனை நிலையம் ஒன்றை அங்கே அமைக்க அந்த 400 கோடியில் ஒரு பங்கு போக வேண்டும். முதல் மணி நேரத்து மின்னோட்டத்தோடு ஆயிரமாவது மணி நேரத்து மின்னோட்டத்தையும் சேர்த்து வெளியிடுவது, அந்த நிதியைப் பெறுவோருக்கு நிபந்தனையாக இருக்கட்டும்.