உட்கார்ந்தே இருப்பவருக்கு எழுந்திருக்கும் உரிமை
மேசைப் பணியாளரின் கழுத்துவலி, தலைவலி குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கழுத்துவலி என்று சொல்லி வரும் பணியாளருக்கு "நிமிர்ந்து உட்காருங்கள்" என்ற அறிவுரையையும் யோகா வகுப்புச் சுற்றறிக்கை ஒன்றையும் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் கைவிட வேண்டும். இந்த வலியில் பெரும்பங்கு வேலை அமைக்கப்பட்ட விதத்திலிருந்து வருகிறது. ஆகவே வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளப் பிடித்தம் இல்லாமல், எழுந்து நடமாட இடைவெளி தர வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. நாற்காலியும் மருத்துவமும் அதற்குப் பிறகுதான். மெடிக்கல் கோடிங் பணியாளர், டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், மென்பொருள் ஊழியர், கருவூல எழுத்தர், இ-சேவை மைய ஊழியர் எனப் பலரும் உறுப்பினராக உள்ள சங்கம் என்ற முறையில் இதைச் சொல்கிறோம்.

கணினி வந்த பிறகு முளைத்த நோய் அல்ல இது. தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடி என்று போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1700இல் வெளியிட்ட தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் கணக்கெழுதுவோரின் உபாதைகளையும் சேர்த்தார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: அசையாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பிழை நேர்ந்தால் முதலாளிக்கு நட்டமாகிவிடுமே என்று மனம் ஓயாமல் பதறுவது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னையில் மெடிக்கல் கோடிங் செய்யும் ஒருவரின் பணிநாளை விவரிக்க இந்த மூன்றும் அப்படியே போதும். நாளுக்கு இத்தனை சார்ட் (நோயாளியின் சிகிச்சைப் பதிவு) என்று இலக்கு. தரம் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் ஊக்கத்தொகை போச்சு. அமெரிக்க நோயாளி ஒருவரின் கழுத்துவலிக்கு எம்54.2 என்று குறியீடு போடுபவர், தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேதான் அதைப் போடுகிறார். அவருடைய வலிக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

தலை குனியக் குனிய கழுத்தின் மீது சுமை ஏறும், 60 பாகை குனிந்தால் அது 27 கிலோ என்று படத்தோடு வரும் எச்சரிக்கையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2014இல் ஓர் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் கணக்கிட்ட எண் அது; வலியோடு இருப்பவர்களை ஆராய்ந்து கண்டதல்ல. எங்கள் துண்டறிக்கைகளில் அதை இனிப் பயன்படுத்தப் போவதில்லை. பயமுறுத்தும் எண் எங்களுக்கும் வசதியானதுதான். ஆனால் அது பழியைப் பணியாளரின் முதுகில் போடுகிறது. உட்காருவதற்குச் "சரியான" நிலை என்று ஒன்றே ஒன்று இருப்பதாக ஆய்வுகள் நிறுவவில்லை. கூன் போட்டு மூன்று மணி நேரம் இருந்தாலும், விறைப்பாக நிமிர்ந்து மூன்று மணி நேரம் இருந்தாலும், தோளையும் பிடரியையும் இணைக்கும் தசைகள் ஓய்வில்லாமல் இறுகியேதான் இருக்கின்றன. வேலைப்பளு, தூக்கக் குறைவு, வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஆகியவை அந்த வலியை இன்னும் கூட்டுகின்றன.

கழுத்து இறுகினால் தலை ஏன் வலிக்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. கழுத்தின் மேற்பகுதியிலிருந்து புறப்படும் முதல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் பிடரியில் பிறந்த வலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரியக்கூடும். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கழுத்து பிடித்துக்கொள்ளும். குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை ஆகியவை சேர்ந்து வந்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வேறு மருந்து இருக்கிறது. கழுத்தைப் பிடித்துவிட்டு ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம், நாளெல்லாம் கால்கடுக்க நிற்கும் ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தந்தது. கேரளம் 2018இலேயே செய்தது. உடல் ஒரே நிலையில் கட்டுண்டு கிடப்பது தீங்கு என்று நம் சட்டமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டதாகவே இதைப் படிக்கிறோம். அப்படியானால் நாற்காலியில் கட்டுண்டவருக்கும் அது பொருந்த வேண்டும். எங்கள் கோரிக்கை மணிக்கு 5 நிமிடம். எட்டு மணி நேரப் பணிக்கு 40 நிமிடம். உணவு இடைவேளை இதில் சேராது. இலக்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்: 100 சார்ட் என்றால் 92. இலக்கைத் தொடாமல் இடைவெளி மட்டும் தருவது ஏமாற்று. யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். விசைப்பலகை சில நிமிடம் ஓய்ந்தால் "ஐடில்" என்று கணக்கெழுதும் கண்காணிப்பு மென்பொருள்கள் இந்த நிமிடங்களை வேலை நேரமாகவே பதிய வேண்டும்.

எல்லோருக்கும் நின்று வேலை செய்யும் மேசை வாங்கித் தரச் சொல்லிக் கேட்கலாமே என்று உறுப்பினர் சிலர் வாதிட்டார்கள். அதை முதன்மைக் கோரிக்கையாக்க நாங்கள் விரும்பவில்லை. விலை ஒரு காரணம். நாளெல்லாம் நிற்பதால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள தியாகராய நகர் ஜவுளிக்கடைப் பெண்களைக் கேட்டால் போதும் என்பது இன்னொரு காரணம்.

மடிக்கணினி விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கும் கருவியில், திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை தொங்கும். கைக்கு வசதியாக வைத்தால் தலை கவிழும். 2020க்குப் பிறகு சாப்பாட்டு மேசையிலும் கட்டிலிலும் உட்கார்ந்து வேலை பார்க்க வைத்த நிறுவனங்கள், ஒவ்வொரு மடிக்கணினியோடும் ஒரு தாங்கி, தனி விசைப்பலகை, மவுஸ் மூன்றையும் தர வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருந்தால் நல்லது. பைஃபோகல் கண்ணாடி அணிந்தவருக்கு மட்டும் அதைவிடத் தாழ்வாக வேண்டும். இல்லையென்றால் கீழ்க்கண்ணாடி வழியே பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கியே கழுத்து நோகும். ஐரோப்பாவில் 1990ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டமும் பிரிட்டனில் 1992ஆம் ஆண்டு விதிகளும் பணியிடத்தை ஆய்வு செய்வது, கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது, திரை வேலைக்கு நடுவே இடைவெளி தருவது ஆகியவற்றை முதலாளியின் கடமை ஆக்கியிருக்கின்றன. லண்டனில் செய்தே தீர வேண்டியதைச் சிறுசேரியில் செய்யத் தேவையில்லை என்று அதே நிறுவனம் கருதுவதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை.

உடற்பயிற்சியையும் வேலை நேரத்துக்குள் கொண்டுவரக் கேட்கிறோம். டென்மார்க்கில் 198 அலுவலகப் பணியாளர்களை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வில், இழுபடும் ரப்பர் குழாயைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கும் பயிற்சியை வாரம் 5 நாள், 10 வாரம் செய்தார்கள். நாளுக்கு 12 நிமிடம் செய்தவர்களுக்கு மட்டுமல்ல, 2 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாது என்று சொல்லும் மேலாளரிடம் பேசுவதற்கு இதைவிட நல்ல சான்று எங்களிடம் இல்லை.

உறுப்பினர்களிடமும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. சுக்குப் பத்தும் தைலமும் இதம் தந்தால் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. மாத்திரையில்தான் எச்சரிக்கை தேவை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் முதலியவை கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கக்கூடும். இரவுப் பணிக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வாங்குகிறவர்கள் எத்தனை நாள் போட்டோம் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எல்லை தாண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். எடுத்ததும் எம்.ஆர்.ஐ.க்கு ஓடவும் வேண்டாம். ஜப்பானில் கழுத்துவலி எதுவும் இல்லாத 1,211 பேரைப் படமெடுத்தபோது 87.6 சதவீதத்தினருக்குக் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருந்தது. "தேய்மானம்" என்று அறிக்கையில் படித்த அன்றிலிருந்து கழுத்தை அசைக்கவே பயந்து, மாதக்கணக்கில் காலர் பட்டையோடு இருப்பவர்களின் தசைகள் மேலும் வலுவிழக்கின்றன. சலூனில் தலையை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கெடுப்பதை அறவே விடுங்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அபூர்வமாகக் கிழிந்து பக்கவாதம் வந்தது உண்டு.

இடி விழுந்தாற்போல் திடீரென வரும் கடும் தலைவலி, கை கால் மரத்துப்போதல் அல்லது பலவீனம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கீழே விழுந்த பின் வரும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைய விடுப்புக்கு யாரும் முன் அனுமதி கேட்கக் கூடாது.

ஈய நஞ்சேற்றம், சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு போன்றவை உள்ள சட்டப்பூர்வத் தொழில்நோய்ப் பட்டியலில் மேசைப் பணிக் கழுத்துவலியையும் சேர்க்கக் கோருவீர்களா என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு இல்லை. இந்த வலிக்குக் காரணங்கள் பல. தனி ஒருவருக்கு வேலையால்தான் வந்தது என்று நிறுவும் பொறுப்பு அவர் தலையில் விழும். அதை நிறுவ ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுப்பார். முதலாளியின் மருத்துவர் அதே படத்தைக் காட்டி வயதானதால் வந்தது என்பார். இழப்பீட்டு வழக்கில் எங்கள் உறுப்பினர்களின் ஐந்தாண்டுகள் கரைவதைவிட, வரும் மாதமே மணிக்கு 5 நிமிடம் கிடைப்பது மேல் என்று கருதுகிறோம். இதில் எங்களோடு உடன்படாத தோழமைச் சங்கங்கள் உண்டு. அவர்கள் வழக்கு தொடுத்தால் எதிர்க்க மாட்டோம்.

இந்தக் கோரிக்கைகள் நிரந்தர ஊழியருக்கு மட்டுமானவை அல்ல. ஒரே மேசை வரிசையில் பாதிப் பேர் அவுட்சோர்சிங் ஏஜென்சி வழியாக வந்தவர்கள். நல்ல நாற்காலி கடைசியில் அவர்களுக்குத்தான், இலக்கு மட்டும் சமம். அவர்களைச் சேர்க்காமல் நிர்வாகம் முன்வைக்கும் எந்த உடன்பாட்டிலும் சங்கம் கையெழுத்திடாது.